சகாராவை ஏலம் எடுத்தவர்

இந்த ஒரு விஷயத்திலாவது வீட்டில் தன் சொல்தான் நிற்க வேண்டும் என்று ஆன்ஸ்லின் தீர்மானித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் உல்லாசப் பயணம். நாடு மொரோக்கோ. அதில் சண்டையில்லை. மொரோக்கோவில் எங்கே என்பதில்தான் முட்டம் கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கிற சண்டை.

அவருக்குச் சகாரா. பாதி ஆயுளைத் துபாயில் கழித்தவர். ஒட்டகக்காரனிடம் அவர் அரபியில் பேரம் பேசுவதை மனைவி வாயைப் பிளந்து பார்க்க வேண்டும்.

மனைவி ஜின்சிக்கோ அந்த நாட்டுக் கடற்கரை. ஆண்கள் முண்டியடிக்கும் மீன் ஏலத்தில் நிமிர்ந்து நின்று விலை கேட்டு, எடுத்த மீனைத் திங்கள்சந்தையில் விற்று வீட்டை நடத்துபவர் அவர்.

“அங்க சாளை மீனு மல மாதிரி குவியுமாம். அதப் பாக்கணும்.”

“ஏட்டி, சாளை பாக்கதுக்கா பிளேன் ஏறுனேன்னு ஊருல சிரிக்க மாட்டாவளா?”

“மணலு பாக்க ஏறுனா சிரிக்க மாட்டாவளோ? முட்டத்துல மணலுக்கு என்ன பஞ்சம்?”

“இது சர்வதேச மணலு.”

“அப்ப ரெண்டையும் பாப்போம்.”

“இருக்கது ஒரு வாரம். ஒண்ணு கெழக்க கெடக்கு, ஒண்ணு மேற்க கெடக்கு.”

அப்போதுதான் ஆன்ஸ்லினுக்கு அந்த யோசனை உதித்தது. ஏலம் போடுவோம். பணத்தில் அல்ல, வேலையில். யார் கூடுதலாகச் செய்வதாகக் கேட்கிறாரோ அவர் இஷ்டப்படி பயணம். கேட்டதைச் செய்தும் காட்ட வேண்டும். வீட்டு வேலை முழுவதையும் ஏற்கெனவே ஜின்சிதான் செய்கிறார். இனிக் கூட்டிக் கேட்க அவரிடம் என்ன மிச்சம்? பெண்ணின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமலே பெண்ணைத் தோற்கடிக்கும் இந்த வித்தையைத் தானே கண்டுபிடித்ததாக ஆன்ஸ்லின் மீசையைத் தடவிக்கொண்டார். உலகம் வெகுகாலமாக அதைத்தான் செய்துவருகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஏலம் கூற அடுத்த வீட்டு ஞானதாசன் வந்தார். கரையில் மீன் ஏலமும் அவர்தான் கூறுவார். கட்டன் சாயாவைக் குடித்துத் தொண்டையைச் செருமினார்.

“ம், கேளுங்க.”

“ஒரு வாரம் மீன் கழுவுதேன்,” என்றார் ஆன்ஸ்லின், தாராளமாக.

“ஒரு வாரம் இவிய தங்கச்சி வந்து நின்னா மொகம் கோணாம இருக்கேன்,” என்றார் ஜின்சி.

“நல்ல வெல,” என்றார் ஞானதாசன்.

“ஒரு மாசம். மீனும் பாத்திரமும்.”

“ஒரு மாசம் இவிய துபாய் கதைய குறுக்க பேசாம கேக்கேன்.”

ஆன்ஸ்லின் தடுமாறினார். இப்படி ஒரு சரக்கு சந்தைக்கு வரும் என்று அவர் நினைக்கவில்லை. சகாரா போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஞானதாசன் பார்த்துக்கொண்டிருக்கிறாரே.

“ஆறு மாசம் சமையலு.”

“ஆறு மாசமும் கத கேக்கேன். நடுநடுவுல ‘பொறவு?’ன்னும் கேக்கேன்.”

“கேட்டியாடே ஆன்ஸ்லினு,” என்றார் ஞானதாசன். “கெட்டுனவ ‘பொறவு’ன்னு கேக்கது லேசுல கெடைக்காது. மேல கேக்கியா, விடுதியா?”

விடுவதா? ஆன்ஸ்லின் எழுந்து நின்றார். “ஒரு வருஷம். சமையலு, பாத்திரம், துணி, அம்புட்டும்.”

ஜின்சி கூரையைப் பார்த்தார். நீளமாகப் பெருமூச்சு விட்டார். “இதுக்கு மேல எனக்குத் தாங்காது அண்ணே.”

“ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். சகாரா ஆன்ஸ்லினுக்கு.”

ஞானதாசன் போனதும் ஆன்ஸ்லின் ஜெயித்தவருக்குரிய பெருந்தன்மையோடு மனைவியிடம் திரும்பினார். “வெசனப்படாதட்டி. சாளைய இன்னொரு வருஷம் பாக்கலாம்.”

“எனக்கென்ன வெசனம்? எனக்கும் சகாராதான் ஆச. சாளையத்தான் தெனமும் பாக்கேனே.”

“பின்ன எதுக்குட்டி ஏலம் கேட்ட?”

“கேக்காம இருந்தா, ஒரு வாரம் மீன் கழுவுததோட நின்னிருப்பியளே.”