இரத்தினசிங்கம் பிடித்த விளைமீன்

இரத்தினசிங்கம் சபதம் எடுத்தார். அதுவும் உப்புவெளிக் கடற்கரையில், அரைக்காற்சட்டையோடு நின்று எடுத்தார்.

"சுலோ, நாளைக்குப் பாரும். என்ர கையால ஒரு மீன் பிடிச்சு உம்மட காலடியில போடாட்டி நான் இரத்தினசிங்கம் இல்லை!"

"அப்ப வேற என்ன பேர் வைக்கிறதெண்டு இப்பவே யோசிக்கட்டே?" என்றாள் மனைவி சுலோஜனா.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அம்மாவும் அப்பாவும் ஒரு இடமும் போனதில்லையே என்று கவலைப்பட்டு, மெல்பேர்னில் படிக்கும் மகள் கீர்த்தனி உப்புவெளியில் ஒரு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். அவர்களுடைய வீடு இருப்பதோ அதே திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில். ஓட்டோவில் ஏறி ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். ஆனாலும் இரத்தினசிங்கம் விமானத்தில் வந்து இறங்கியவர் மாதிரித்தான் நடந்துகொண்டார். கறுப்புக் கண்ணாடி, ஓலைத் தொப்பி, கனடாவில் இருந்து மச்சான் அனுப்பிய தூண்டில் தடி. அந்தத் தடி வந்த நாளில் இருந்து வீட்டில் ஒட்டடைதான் அடித்துக்கொண்டிருந்தது.

தொப்பி முதல் நாளே போய்விட்டது. அதைக் கதிரையில் வைத்துவிட்டுக் கால் நனைக்கப் போனார். திரும்பி வந்தால், ஒரு புள்ளிமான் ஆறுதலாக அதைச் சப்பிக்கொண்டு நின்றது. திருகோணமலை மான்களுக்குக் காடும் ஒன்றுதான், கடைத்தெருவும் ஒன்றுதான். "ஏய்! சூ!" என்று கத்தினார். மான் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளிம்பையும் தின்று முடித்தது.

"மானே உங்களுக்குப் பயப்பிடுதில்லை. மீன் பயப்பிடப் போகுதே?" என்று சுலோஜனா வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சபதம் எடுக்க வைத்தது.

பந்தயத்தை வைத்தது சுலோஜனா.

"நீங்கள் பிடிச்சால், சாகும்வரைக்கும் மீன் துப்பரவாக்கிறது நான்தான். ஒரு சொல் முணுமுணுக்க மாட்டன். பிடிக்காட்டி, இனி ஒவ்வொரு ஞாயிறும் அது உங்கட வேலை. செதிள், செவுள், குடல், எல்லாம்!"

இரத்தினசிங்கத்துக்குக் கொஞ்சம் வியர்த்தது. மீன் வாங்குவார், மீன் தின்பார். இரண்டுக்கும் இடையில் குசினிக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. ஒருநாள் தவறுதலாக எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கிழமை மரக்கறி சாப்பிட்டவர் அவர். ஆனாலும் சிங்கம் என்று பெயரை வைத்துக்கொண்டு பின்வாங்க முடியுமா?

"சம்மதம்!" என்று கர்ஜித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்து, அப்போதே வென்றுவிட்டவர் மாதிரிக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் விடிய, விடுதிப் படகோட்டி நஸ்ரி அவரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனான். சுலோஜனா கரையில் நின்று கையசைத்தாள்.

"சேர், அங்க பாருங்க! டொல்பின்!"

பத்துப் பதினைந்து டொல்பின்கள் படகோடு ஓட்டப்போட்டி வைத்தன. ஒன்று துள்ளிக் குதித்து அவருடைய கறுப்புக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தது. இரத்தினசிங்கம் பந்தயத்தை மறந்தார், அலுவலகத்தை மறந்தார், சின்னப் பொடியன் மாதிரிக் கைதட்டினார். 'சுலோவையும் கூட்டி வந்திருக்கலாம்' என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் டொல்பின் துள்ளும் இடத்தில் கடலும் துள்ளும். கடல் துள்ள, வயிறும் துள்ளியது. காலையில் சாப்பிட்ட புட்டு முழுவதும் கடலுக்குப் போனது.

"மீனுக்கு நல்ல தீன் போட்டிருக்கிறீங்க சேர். இப்ப வரும்," என்றான் நஸ்ரி.

வரவில்லை. வெயில் ஏறும்வரை இரத்தினசிங்கம் தூண்டில் வீசினார். முதலில் நஸ்ரி இடுப்பில் கட்டியிருந்த சாரம் அகப்பட்டது. பிறகு நங்கூரக் கயிறு. கடைசியாக அவருடைய சொந்தச் சட்டைக் கொலரே அகப்பட்டது.

"தம்பி," என்றார் மெல்லமாக, "உம்மட படகில மீன் ஏதும் கிடக்கே?"

நஸ்ரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கி, ஐஸ் பெட்டியைத் திறந்து, கை நீளத்துக்கு ஒரு விளைமீனை எடுத்து நீட்டினான். இரத்தினசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோணேசப் பெருமானே வந்து கை கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்.

கரை கிட்டியதும் மீனைத் தூண்டிலில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டார். பிறகு கரையில் இறங்கி நின்று இழுத்தார். பின்னால் சாய்ந்தார், முன்னால் வளைந்தார், பல்லைக் கடித்தார். ஐஸில் விறைத்துப்போன மீன் தன் பங்குக்கு ஒன்றும் செய்யவில்லை. போராட்டம் முழுவதையும் அவரே பார்த்துக்கொண்டார். மீன் மணலில் விழுந்தபோது, வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஐயோ, என்ர ராசா!" என்று ஓடிவந்த சுலோஜனா, படம் எடுத்து மெல்பேர்னுக்கும் கனடாவுக்கும் உடனே அனுப்பினாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, ஒரு சந்தோசமான விஷயம். மீன்காரத் தம்பிக்கு இப்பதான் போன் எடுத்தனான். இனி எங்கட படலைக்கு வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"இப்பிடி ஒரு வீரனை வீட்டில வைச்சுக்கொண்டு கடைமீன் தின்னுறதே? ஒவ்வொரு ஞாயிறும் விடியக் காலமை நஸ்ரித் தம்பி உங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கதைச்சுப்போட்டன்."

"ஒவ்வொரு ஞாயிறுமோ? வாடைக்காத்து அடிக்கிற மாசத்திலயுமோ?"

"அப்பதானாம் கடல் நல்லாத் துள்ளும். டொல்பின் மாதிரிப் போய்வரலாம்."

காலையில் கடலுக்குப் போன புட்டை இரத்தினசிங்கம் ஒருமுறை நினைத்துப் பார்த்தார்.

"சுலோ… அந்த மீன் நான் பிடிக்கேல்லை."

"என்ன கதை இது? நான் கண்ணால பார்த்தனானே!"

"நீர் பார்க்க முந்தியே அது செத்துப் போச்சு. நஸ்ரி தந்தவன்."

"அப்ப மீன்காரனை வரச்சொல்லட்டே?"

"சொல்லும்."

"நஸ்ரித் தம்பியை வேண்டாமெண்டு விடட்டே?"

"ஓம். கும்பிட்டன், உடனே விடும்."

"அப்ப பந்தயம்?"

"தோத்திட்டன், தாயே!"

சுலோஜனா விடுதிக் குசினிக்குப் போய்க் கத்தியும் பலகையும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, தனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள்.

இரத்தினசிங்கம் சுரண்டத் தொடங்கினார். செதிள் மீசையில் ஒட்டியது, காதுக்குள் போனது, கறுப்புக் கண்ணாடியை மூடியது. பாதி மீன்கூட முடியவில்லை, கை ஓய்ந்துபோனது.

"உது மீனோ, இரும்புச் சட்டையோ? வேற ஒரு மீனும் கிடைக்கேல்லையே அவனுக்கு!"

சுலோஜனா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள்.

"பாவம், அவரை ஏசாதேங்கோ. நேற்று நீங்கள் குறட்டை விடேக்குள்ள, செதிள் தடிச்சதாப் பார்த்துப் பெட்டிக்குள்ள வைக்கச்சொல்லி நான்தான் சொன்னனான்."