தெர்மாமீட்டருக்கு மட்டும் குளிர்ந்த பிக்கப்

ஹூஸ்டன் வெயிலைத் திட்டாத தமிழர் கிடையாது. ஆனால் அதன் மேல் முறைப்படி படையெடுத்தவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டுத் தெர்மாமீட்டர் அங்கிள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மனைவி சரோஜா ஆன்ட்டிக்கு "ஏனுங்க" போதுமானதாக இருந்தது, எங்களுக்குத் தெர்மாமீட்டர் போதுமானதாக இருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்காரர். சுத்த சைவம். கேக்கைக்கூட முட்டை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அப்படிப்பட்டவர் சட்டைப் பையில் சதா வைத்திருந்தது, அடுப்பில் வான்கோழி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர். அதை அவர் குத்தியது தன் பழைய பிக்கப் ட்ரக்கின் ஏசி துவாரத்தில்.

ஒரு ரிஃபைனரியில் முப்பது வருஷம் கூலிங் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது வேலைதான், கால்கள் ஆகவில்லை. நாற்காலியில் அவர் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காபி கொடுத்தால் டம்ளரோடு வாசலுக்குப் போய் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வாய் குடிப்பார்.

வண்டியின் வியாதி விசித்திரமானது. உள்ளே உட்கார்ந்தால் வேர்த்து ஊற்றும். ஆனால் தெர்மாமீட்டர் ஐம்பத்திரண்டு டிகிரி என்று சொல்லும். ஃபாரன்ஹீட் கணக்கில் அது ஏசிக்கு நல்ல குளிர். அங்கிள் வேர்வையை நம்பவில்லை, தெர்மாமீட்டரைத்தான் நம்பினார்.

"அம்பத்திரெண்டு, தம்பி. இதுக்கு மேல ஒரு ஏசி என்ன பண்ணும்?"

"எனக்கு வேர்க்குதே அங்கிள்."

"அது உங்க ஒடம்பு வாகு."

ஆன்ட்டியின் உடம்பு வாகும் அதேதான். மே மாதம் அவர் கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போகத் தயாரானார். ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் சாமான் வாங்கப் போய் அந்த வண்டியில் திரும்பியவர், குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவரைப் போல இறங்கினார். வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஆகஸ்ட்ல நான் வர்றப்ப இந்த வண்டி இப்படியே ஏர்போர்ட்டுக்கு வந்துச்சுன்னா, நான் டாக்ஸில போய்க்கிறனுங்க. மக்யா நாளே இத வித்துப்போடணும்."

"அம்பத்திரெண்டு டிகிரிங்கறேன், நீ என்னடான்னா..."

"அப்ப அந்தத் தெர்மாமீட்டரையே கூட்டிக்கிட்டுப் போங்க."

இத்தனைக்கும் ஆன்ட்டிக்கு அந்த வண்டி மேல் பிரியம் உண்டு. ஆயுத பூஜையன்று கராஜில் அதற்கு நடக்கும் உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆனபின், முன் கண்ணாடியின் அடியில் படிக்கணக்கில் பொரியும் பொட்டுக்கடலையும் கொட்டி, கை நிறைய அட்சதை போடுவார். "வருஷம் பூரா நமக்கு ஒழைக்குதில்லீங்க" என்பார். பிரியம் வேறு, வேர்வை வேறு.

மூன்று மாதக் கெடு. அங்கிள் தர்க்கப்படி யோசித்தார். குளிர் ஒழுங்காக உற்பத்தியாகிறது. ஆகவே சூடு வெளியிலிருந்துதான் வருகிறது. ஆகவே குற்றவாளி சூரியன்.

முதலில் சமையலறை அலுமினியத் தாளை எடுத்து, முன் கண்ணாடி தவிர எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டினார். தெருவில் யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த அதிகாரி, பொட்டலம் கட்டிய வண்டிக்குள் இரண்டு பேர் பட்டப்பகலில் வேர்வையில் நனைந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒருவர் அங்கிள். இன்னொருவர் அவருடைய நிரந்தர டெஸ்ட் பாசஞ்சரான அடியேன். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, அங்கிள் பதிலாகச் சட்டைப் பையிலிருந்து அந்தக் கூர்மையான சமாசாரத்தை உருவினார். அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு வண்டிக்குள் நன்றாகக் குளிர்ந்தது.

அடுத்தது வெட்டிவேர்த் தட்டி. ஊரிலிருந்து வரவிருந்த யாரிடமோ சொல்லி வரவழைத்து, நனைத்து, சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டார். கோபிப் பக்கத்து வெயிலுக்கு அது சரி. ஹூஸ்டன் காற்றோ ஏற்கெனவே ஈரத்துண்டு. பத்து நிமிஷத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து ரோடே மறைந்தது. ஃப்ரீவேயில் தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டே, "வாசம் எப்படி, தம்பி?" என்று கேட்டார். வாசம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயின்ட்டை வண்டிக் கூரையில் அடித்தார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, பிரஷ் கோடு தெரிவதைத்தான் சொல்கிறார்கள் என்று முடிவு செய்து இரண்டாவது கோட் அடித்தார்.

ஆகஸ்ட் நெருங்க நெருங்க மனிதர் நிலைகொள்ளாமல் தவித்தார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும். "இன்னும் ஒம்பது நாள், தம்பி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். பாவமாக இருந்தது.

"பேசாம புது வண்டி வாங்கிடுங்களேன் அங்கிள்" என்றேன் ஒருநாள்.

"வாங்கலாமுங்க. நாலு கடையில உக்காந்தும் பாத்தாச்சு. எல்லாத்துலயும் நடுவுல ஒரு பெட்டிய வெச்சுப்புடறான். கப்பு வெக்க எடம், போன் வெக்க எடம். ஆளு எங்க உக்காருறது?"

பக்கத்தில்தான் அவ்வளவு பெரிய சீட் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அவர் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஆன்ட்டி வர மூன்று நாள் இருக்கும்போது அங்கிளை வலுக்கட்டாயமாக மெக்கானிக் ஹெக்டரின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். "முப்பது வருஷம் கூலிங் பாத்தவனுக்கு ஒருத்தன் சொல்லித் தரோணுமா" என்று வழி முழுக்கப் பொருமினார். ஹெக்டர் தெர்மாமீட்டரைக் கேட்கவே இல்லை. துவாரத்தின் முன் உள்ளங்கையை வைத்தார். குளிர் இருந்தது, காற்றுதான் இல்லை. மூன்று மாதமாக நாங்கள் டிகிரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக் காற்றுவிசிறியைக் கழற்றினார். பொலபொலவென்று கொட்டியது. நமுத்த பொரி, கறுத்த பொட்டுக்கடலை, சருகான சாமந்தி, மஞ்சள் மாறாத அட்சதை. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாக வண்டி வருஷா வருஷம் பிரசாதத்தைச் சாப்பிட்டுத் தொண்டை அடைத்துப் போயிருந்தது.

ஹெக்டர் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, அணில் கூடு கட்டியிருக்கிறது என்றார். நான் வாயைத் திறந்தேன். அங்கிள் என் காலை அழுத்தி மிதித்தார்.

"எஸ், எஸ். ஸ்குயிரல். வெரி பிக் ஃபேமிலி" என்றார்.

திரும்பும்போது வண்டிக்குள் புயல் அடித்தது. அங்கிளின் முன்தலை முடி நாலைந்தும் நட்டுக்கொண்டு நின்றன. "ஆன்ட்டிக்குத் தெரிய வேண்டாங்க, தம்பி. ஆசையாப் போட்டது" என்றார்.

ஏர்போர்ட்டுக்கு நானும் என் காரில் போனேன். ஆன்ட்டி டாக்ஸி என்று சொல்லிவிட்டால் நான் டாக்ஸி. அவர் வந்தார், அலுமினியத் தாள் உரிந்த தழும்பையும் வெள்ளைக் கூரையையும் பார்த்தார், ஏறினார். அங்கிள் ஏசியைப் போட்டார். எனக்குத்தான் கை வேர்த்தது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஜன்னல் வழியாக ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, குளுருது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

மூன்று மாதம் சூரியனோடு மல்லுக்கட்டியவர், ஒரு விரலால் அதைக் குறைத்தார்.

"நான் அங்க கோயில்ல வேண்டிக்கிட்டேன். அதான் சரியாப் போச்சு" என்றார் ஆன்ட்டி.

"ஆமாமா, அதேதான்" என்றார் அங்கிள்.

அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே வந்தேன். பின் கண்ணாடி வழியாக பெஞ்சு மாதிரி நீளமான அந்த ஒற்றை சீட் தெரிந்தது. ஜன்னலோரம் முழுக்கக் காலி. ஆன்ட்டி நடுவில், அங்கிளை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டி விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன் அங்கிள் சல்லடையின் மேல் ஒரு ஈரோட்டுத் துண்டை விரித்தார். பட்டு வஸ்திரம் சாத்துகிற மாதிரி பயபக்தியாக விரித்ததால் ஆன்ட்டி சந்தேகப்படவில்லை. "இன்னுங் கொஞ்சம் போடு" என்றுகூட அங்கிள் சொன்னார்.

நாங்கள் இப்போது ஹூஸ்டனை விட்டுப் பிளசன்டனில் இருக்கிறோம். யாரும் கதவைத் தட்டி டிகிரி சொல்வதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது. கார் புதுசு, ஏசி பிரமாதம். என் மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது, அங்கிள்.