கால் வளைந்த புரொசசர்

பெருமை பேசாமல் ஒரு வேலையைச் செய்து முடிக்க எனக்கு இன்றுவரை தெரியாது. வேலையை நன்றாகவே செய்வேன். ஆனால் செய்த கையோடு நாலு பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்து விளக்கம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதி முற்றிப்போயிருந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷனில் (போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட் என்று எல்லாம் செய்யும் கடை) வேலை. வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்பிரிவு லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). அம்மா கொழுந்து பறிக்கப் போவார்.

அந்த வருடம்தான் நானே ஒரு கொம்பியூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டினேன். ஒரு மாதம் பெட்டி, ஒரு மாதம் போர்ட் என்று சேர்த்துச் சேர்த்து, கடைசியில் புரொசசர் வந்து சேர்ந்தது. டொலர் ஏறிக் கிடந்த காலம். கிராபிக்ஸ் கார்ட் என்ன விலை என்று கேட்டால், சொல்வதற்கு முன்னால் கடைக்காரரே முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வார். அதனால் கிராபிக்ஸும் உள்ளேயே சேர்ந்து வரும் மலிவான புரொசசர் ஒன்றை எடுத்தேன். அம்மா அது என்ன என்று கேட்டபோது, வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி என்று விளக்கினேன். தனி வீடு, தனி அடுப்பு கிடையாது. நம் பானையிலிருந்தே சாப்பிடும். அதாவது கொம்பியூட்டரின் நினைவகமான ரெம்மிலேயே பங்கு கேட்கும். அதற்காகத்தான் ஒரு பெரிய ரெம்முக்குப் பதிலாகச் சோடியாக இரண்டைப் போட்டேன். சோடியாகப் போட்டால் கேம் ஓடும் வேகமே வேறு. (இதையெல்லாம் லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லியிருந்தேன். கோயில் பூசாரிக்கு இரண்டு தடவை.)

என் பேச்சைக் கேட்டுக் கேட்டு, மேற்பிரிவு இளைஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் கொம்பியூட்டரில் கால்பந்து கேம் போட்டி வைப்பது. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. இடம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்தக் கட்டடம் ஞாயிறில் சும்மாதான் கிடக்கும். சனிக்கிழமையே கொம்பியூட்டரைக் கொண்டுபோய் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்காலி போட ஆட்கள் வந்தார்கள். கீழ்ப்பிரிவிலிருந்து சுதாகரன் அண்ணனும் வந்தார். த்ரீவீல் ஓட்டுபவர். தோட்டத்திலேயே கிராபிக்ஸ் கார்ட் வைத்திருந்த ஒரே மனிதர். பெட்டியின் கண்ணாடிப் பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கார்டே இல்லையே தங்கச்சி. படம் எங்கேர்ந்து வரும்?”

மரியாதையாகத்தான் கேட்டார். புரொசசருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பேசாமல்தான் இருக்க முடியவில்லை. காட்டுகிறேன் பாருங்கள் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

புரொசசரின் மேல் சூட்டைத் தணிக்கும் காற்றாடி ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் பசை. கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பசை இளகியதும் காற்றாடியை மெதுவாகத் திருகித் தூக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். கடையில் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று காலை பனி ஜன்னல்வரை வந்து நின்றது. பசை கல்லாகி இருந்தது. என்னைச் சுற்றிப் பதினைந்து பேர் வேறு. நான் நேராகப் பிடித்து இழுத்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். காற்றாடி வந்தது. அதன் அடியில் அட்டை கடித்துத் தொங்குவதுபோல் புரொசசரும் சேர்ந்து வந்தது.

பூட்டுக்குள் இருந்ததைப் பிடுங்கிவிட்டேன். அடியில் ஊசி ஊசியாய் நூற்றுக்கணக்கான கால்கள். அவற்றில் ஒரு மூலையில் ஏழு கால்கள் மழைக்குச் சாய்ந்த புல் மாதிரிப் படுத்துக் கிடந்தன.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கொஞ்சமும் கலங்காத முகத்துடன் கூட்டத்தைப் பார்த்து, “இப்புடித்தான் வரும்” என்றேன். புரொசசரைப் பிரித்தெடுத்து, அதன் அருமை பெருமைகளைச் சொல்லி, எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திருப்பி வைத்தேன். உட்காரவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உட்காரவில்லை. ஒரு நிமிடம் கழித்து யாரோ ஒரு நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அழுகை வந்தது.

எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

“ஒடஞ்சிருச்சா, வளைஞ்சிருக்கா?”

“வளைஞ்சிருக்கும்மா.”

“அப்ப எந்திரி. செருப்பப் போடு.”

தலவாக்கலையில் அம்மாவின் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போகலாம் என்றார் அம்மா. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. சுதாகரன் அண்ணன் த்ரீவீலைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எதிர் அணிக்காரர்! எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

“விளையாடாம ஜெயிச்சா கீழ எவனும் மதிக்க மாட்டான் தங்கச்சி” என்றார்.

சவர்க்காரப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் புரொசசரைக் கிடத்தி, அம்மா மடியில் வைத்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு குழிக்கும் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். (நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாரா என்பது சந்தேகம்.)

பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது எந்த வகைக் கடிகாரம் என்று சிங்களத்தில் கேட்டார். நான் புரொசசர், கிராபிக்ஸ், சோடி ரெம் என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டுத் தன்னுடைய சிங்களத்தில், இது ஒரு மூளை, கால் வளைந்துவிட்டது, மூன்று மணிக்கு வேலை இருக்கிறது என்றார். பெரியவருக்கு அது போதுமாக இருந்தது. கண்ணில் லென்சை மாட்டி, மெல்லிய சாவணத்தை எடுத்தார்.

ஒரு கால். இன்னொரு கால். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். சுதாகரன் அண்ணன் வெளியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் முடிந்தது என்று பெரியவர் நிமிர்ந்தபோது, அம்மா கண்ணாடிகூட இல்லாமல் குனிந்து பார்த்து, நடுவில் ஒன்று சாய்ந்திருக்கிறது என்றார். பெரியவர் லென்சைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. எட்டாவது கால், நானே பார்க்காதது. பெரியவர் அம்மாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அதையும் நிமிர்த்தினார்.

இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தோம். பிள்ளைக் காம்பராவில் இப்போது அறுபது பேராவது இருப்பார்கள். போட்டி பார்க்க வந்தவர்களைவிட என்னைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். புரொசசரை வைத்தேன். இந்தமுறை தானாகவே இறங்கி உட்கார்ந்தது. மிச்சமிருந்த பசையைப் பூசி, காற்றாடியைப் பூட்டி, பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றிப் பூட்டினால் முதல் தடவை இப்படிக் கொஞ்ச நேரம் யோசிக்கும். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அரை நிமிடத்தில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

“வந்துருச்சு” என்றார் அம்மா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

திரையில் வெளிச்சம்.

போட்டியில் நாங்கள் ஐந்துக்கு ஒன்று தோற்றோம். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்ததால் மைதானத்து ரசிகர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியவர்கள்போல இருந்தார்கள். ஆனால் ஒரு இடத்தில்கூடப் பந்து நின்று நின்று போகவில்லை. ஐந்து கோலும் பிசிறில்லாமல் விழுந்தன. முடிந்ததும் சுதாகரன் அண்ணன் பெட்டியை மறுபடி குனிந்து பார்த்தார்.

“கார்ட் இல்லாமலே சிக்காம ஓடுதே” என்றார். தோற்றுப்போன அணியில் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

இப்போது ஹட்டனில் எனக்குச் சொந்தமாகக் கொம்பியூட்டர் திருத்தும் கடை இருக்கிறது. பென்ஷனுக்குப் பிறகு அம்மாவும் கூட வந்து உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்வார். முதலில் எட்டுக் கால் என்றுதான் சொன்னார். பிறகு எண்பது ஆயிற்று. தம்பியின் கல்யாண வீட்டில் சொன்னபோது எல்லாக் கால்களுமே வளைந்திருந்தன. கடைசியாகச் சொன்னதில் கடிகாரக்காரப் பெரியவரே இல்லை; அம்மாவே தன் கையால் நிமிர்த்திவிட்டார். சொந்தக்காரர்கள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை. பெருமை பேசும் வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டதே பெரிய லாபம்.

போன வாரம் கினிகத்தேனையிலிருந்து ஒருவர் ஓடாத கொம்பியூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மேசையில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த என்னிடம் மிகவும் பணிவாகக் கேட்டார்:

“அம்மா இல்லீங்களா?”