லியோனில் ஒரு முழங்கால் மருத்துவமனை

2005ஆம் ஆண்டு, ஜூலை பதினான்காம் நாள். அன்றுவரை தனிஸ்லாஸுக்கு இருந்த குறை ஒன்றே: பெற்ற மகள், பிரான்சில் இருப்பவள், இரண்டாண்டுகளாகத் தம்மோடு பேசவில்லை. ரிச்சர்டைத் தானே தேர்ந்து மணந்தாள் என்பதற்காக அவர்தாம் திருமணத்துக்குப் போகவில்லை. ஆயினும் தவறு மகளுடையதே என்பதில் அவருக்கு ஐயமிருந்ததில்லை.

அன்று பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டு விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டை வீசியவர், கால் முறுக்கி விழுந்தார். முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மறுநாளே புதுச்சேரி ரெட்டியார்பாளையம் வீட்டில் தொலைபேசி மணி அடித்தது.

"பப்பா, பிரிஸ்கில்லா பேசறேன். லியோன்ல நல்ல கிளினிக் இருக்கு. இங்க வந்துடுங்க."

அதன்பின் வாரந்தோறும் பேச்சு. உள்ளூர் மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியிலேயே முழங்கால் தேறிவிட்டது. அதைத் தனிஸ்லாஸ் சொல்லவில்லை.

"நாலாவது மாடியா? எப்படிம்மா ஏறுவேன்?"

லிஃப்ட் உள்ள மருத்துவமனை கிடைத்தது.

"டாக்டர் சின்னப் பையனா? என் காலுலயா தொழில் கத்துக்கப் போறான்?"

வழுக்கைத் தலை மருத்துவர் கிடைத்தார்.

"அங்க தமிழ் பேச யாரு இருக்கா?"

மனைவி ஸ்டெல்லாமேரி சிரித்தாள். "ஃபோன் அடிச்சா மட்டும் நொண்டிக்கினு ஓடறீங்களே, அவளுக்குத் தெரியவா போவுது?"

"சும்மா இருடி. காலு சரியாயிடுச்சின்னா அவ எதுக்குப் பேசப் போறா?"

அடுத்த வாரம் மகள் துள்ளினாள். "கிடைச்சிடுச்சு பப்பா! லிஃப்ட் இருக்கு, வயசான டாக்டர், காரைக்கால் நர்சம்மா, மத்தியானம் மீன் கொழம்பு! ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடட்டா?"

குறை சொல்ல ஏதுமில்லை. நல்ல முழங்காலைக் கத்திக்குக் கொடுப்பதா, மகளின் குரலை இழப்பதா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே எண்களைச் சுழற்றினார். எடுத்தது ஆண்குரல்.

"மாமா, நான் ரிச்சர்ட். அவ கடைக்குப் போயிருக்கா."

"மாப்ள..." அச்சொல் அவர் வாயில் அன்றுதான் வந்தது. "என் காலு எப்பவோ சரியாயிடுச்சு. பக்குவமா நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

"ஐயோ, வாணாம் மாமா! அத்தை சொல்லி அது எங்களுக்கு எப்பவோ தெரியும். அப்படி ஒரு கிளினிக்கே இங்க கிடையாது, வாராவாரம் உக்காந்து கதை கட்டறதே நான்தான். நீங்க நொண்டறத நிறுத்திட்டா, அவ எதச் சாக்கா வச்சு உங்ககிட்ட பேசுவா?"

வாசகரே, இப்பக்கத்தை மூடும். பேசாதிருக்கும் உம் பிள்ளையை இப்போதே அழையும். காரணம் எதுவும் சொல்லாதீர்!