முதல் வரிக்கே முப்பத்தெட்டு வயலின்

ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்றொரு இனம் நம்மிடையே உலாவுகிறது. வேலையைக் கொடுத்தால் செய்யாது. எதை வைத்துச் செய்தால் உசத்தி என்று ஆராயும். இதன் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்தது. பெயர் செந்தமிழ்ச்செல்வன்.

கம்ப்யூட்டரில் இசையமைக்கப் போகிறவன். போகிறவன்தான். 2006 ஐப்பசியில் அவனிடம் பாட்டைக் கொண்டுவந்தவன் தெருக் கூட்டாளி கொளஞ்சி. மாசி மகத்துக்கு மறுநாள் இரண்டு வருஷ வேலைக்குச் சிங்கப்பூர் கிளம்புகிறான். மனைவி சரண்யாவுக்காகத் தானே கட்டிய பாட்டை மகத்தன்று கடற்கரை மேடையில் இசையோடு பாடிவிட்டுத்தான் போவேன் என்று அவளிடம் சொல்லியும் விட்டான். முழுசாக நாலு மாதம் இருந்தது. போதாதா?

நம் ஆளுக்கு எப்படிப் போதும்? வயலின், புல்லாங்குழல் எல்லாம் உள்ளேயே அடங்கிய சவுண்டு கார்டை வாங்கிச் சொருகுவதா, அல்லது சாஃப்ட்வேரையே வாசிக்க விடுவதா என்று முதலில் முடிவாக வேண்டாமா? கார்டில் சத்தம் டக்கென்று வரும், ஆனால் வயலின் கொசு மாதிரி பாடும். சாஃப்ட்வேரில் வயலின் அசலாக இருக்கும், ஆனால் கீபோர்டுக் கட்டையை இன்று அழுத்தினால் சத்தம் நாளைக்கு வரும். சிதம்பரத்துக் கடைக்காரர் கார்டுதான் என்றார். புவனகிரியில் ஸ்டுடியோ வைத்திருந்த காத்தவராயன் சாஃப்ட்வேர்தான் என்றார். அதைச் சொல்லிக் கேட்க மறுபடி சிதம்பரம். நடுவில் பரிசோதனை வேறு. கொளஞ்சி பாட்டின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'கரையில வந்து நிக்காதடி கண்ணு' என்று தானும் கூடவே பாடியபடி, முப்பத்தெட்டு வகை வயலின் சத்தத்தில் வாசித்துப் பார்த்தான். ஜன்னல் திறந்தே கிடந்ததால் வலை பின்னுகிறவர்கள், மீன்கூடை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம்.

மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொளஞ்சி வந்து நின்றான்.

"எதுலயாச்சும் ஒண்ணுல போட்டுக் குடு மச்சான். அவகிட்ட சொல்லிட்டேன்டா."

"அவசரப்பட்டா குவாலிட்டி போயிடும் மச்சான். புதுசா ஒரு சாஃப்ட்வேர் வருதாம், அதையும் பாத்துடுவோம்."

பார்த்தான். மகமும் வந்துவிட்டது. இசை வரவில்லை.

கொளஞ்சி வெறுங்கையோடு மேடை ஏறினான். ஊர்க்கார உத்திராபதியின் ஒற்றை மேளம் மட்டும் துணை. முதல் வரியை எடுத்ததும் கடற்கரையே கூடச் சேர்ந்து பாடியது. இரண்டாவது வரிக்கு அவன் மட்டும்தான். 'நீ நின்னா எனக்குக் காலு நகராது.' சரண்யா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செல்வன் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாலு மாதம் கையில் வைத்திருந்த பாட்டுக்கு இரண்டாவது வரி உண்டு என்பதே பாவிக்கு அப்போதுதான் உறைத்தது.

இறங்கி வந்த கொளஞ்சியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. என்ன சொல்வான் என்று நினைக்கிறீர்கள்?

"மச்சான், அந்த மைக் என்ன கம்பெனி?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எந்த சிம்மில், எந்த பிளானில் பேசினால் லாபம் என்று மூன்று வாரமாக அலசிக்கொண்டு, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இன்னும் ஒரு போன் போடாமல் உட்கார்ந்திருப்பது யாராம்?