சோக்கான சத்தம்

எங்கள் பக்கத்தில் ஓர் இனத்தார் இருக்கிறார்கள். கண்ணால் காண்பதற்கு முன்பே அவர்களைக் காதால் கேட்டுவிடுவீர்கள். கம்பனி பூட்டி அனுப்பிய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, உறுமுகிற சைலன்சர் ஒன்றைத் தேடி வாங்கிக் காருக்குப் பூட்டியவர்கள். ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஆரையம்பதியில் என் பக்கத்து வளவு உதயரூபனை எடுத்துக்கொள்வோம். புளியந்தீவில் ஒரு கந்தோரில் வேலை. தங்கமான மனிதர். அவருடையது சின்ன ஜப்பான் கார். நாலு பேர் ஏறிவிட்டால் ஒரு தேங்காய் வைக்கவும் இடமிராது. அதற்குத்தான் இந்த உறுமல்.

பூட்டிய அன்று, ஒழுங்கையால் போனவர் வந்தவரையெல்லாம் மறித்து, கையைப் பிடித்துக் காரின் பின்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தி, தான் உள்ளே ஏறி மிதி மிதியென்று மிதித்து, எங்கள் முகத்தில் வியப்புத் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையது மூச்சடைச்சுக் கிடந்தது அண்ணே. இப்பதான் என்ஜின் சீவிக்குது. கேட்டுப் பாருங்க!"

கேட்காமலிருக்க வழி உண்டா?

"சோக்கான சத்தம் தம்பி," என்றேன். ஒழுங்கையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். முகத்துக்கு நேரே வேறு என்னத்தைச் சொல்வது?

மறுநாள் கல்லடிப் பாலத்தில் அவர் மிதித்த மிதிக்கு, நடந்து போனவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே நேரம் வயல் வட்டையிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த உழவு இயந்திரம் ஒன்று அவரை ஆற அமர முந்திக்கொண்டு போனது. அவர் கவனிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவர் மனைவி பிரஷாந்திக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. இலேசில் உறங்காத பிள்ளை. பின்னேரம் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, தோளில் போட்டு உலாத்தி, ஒருவாறு கண்ணயர்ந்ததும் தொட்டிலில் கிடத்துவாள். கார் ஒழுங்கைக்குள் கிறுகித் திரும்பும். பிள்ளை வீறிட்டுக் கத்தும். பிறகென்ன, இரவு முழுக்கச் சிவராத்திரிதான். கண் வீங்கி, நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்த அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

ஒரு நாள் வேலிக்கு அப்பால் அவள் குரல் கேட்டது.

"இந்தச் சத்தத்தோட இனி வளவுக்குள்ள வரப்படாது."

"என்ட கார்தானே புள்ள?"

"கார் உங்கட. வளவு ஆர்ட?"

எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில். மாப்பிள்ளை வந்து சேர்கிறவர்.

பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டலாமே என்பீர்கள். இந்த இனத்தோடு உங்களுக்குப் பழக்கமில்லை என்று தெரிகிறது. கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதைவிடப் பெரிய மானக்கேடு அவர்களுக்கு இல்லை. ஆகவே கல்லடியும் காத்தான்குடியும் அதிர வருகிறவர், இப்போது ஒழுங்கை முகப்பில் என்ஜினை நிறுத்திவிடுகிறார். கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். மணல் ஒழுங்கை. தனி ஆளால் ஆகுமா? நாங்களெல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறோம். சத்தம் கேட்க நின்ற அதே இடம்.

"மெல்லத் தள்ளுங்க அண்ணே, புள்ள எழும்பிரும்."

காலையிலும் இதே கூத்து. வெளியே போவதற்கும் தள்ள வேண்டுமே!

ஒரு பின்னேரம் மூச்சு வாங்க, "தம்பி, பழையதையே பூட்டினா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்று, என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதானே சோக்கான சத்தம் எண்டு சொன்னீங்க?"

சாரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தள்ளினேன்.

"எனக்குக் காரே இல்லையே" என்று சிரிக்கிறீர்களா? பொறுங்கள். நீங்கள் படலையைத் திறந்ததும் வீட்டார் விரலை உதட்டில் வைக்கிறார்களா? அப்படியென்றால் நீங்களும் உதயரூபனுக்குச் சொந்தக்காரர்தான். இல்லையா, சரி. யாரோ ஒருவர் தான் வாங்கியதைப் பெருமையாகக் காட்டியபோது, உள்ளுக்குள் தலையிடித்தாலும் "சோக்கா இருக்கு" என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? அப்படியானால் சாரமோ சேலையோ, இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஒழுங்கை முகப்பில் கார் நிற்கிறது.