இரண்டு தலை அட்டைக்கு மூன்றாவது ஆள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓஹையோ மாநிலம் யங்ஸ்டவுனிலிருந்து ரேமண்ட் டுபெக் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். தங்கள் விளையாட்டு அட்டை வார இதழுக்குப் பதினான்கு வருடச் சந்தாதாரன். இதுவரை ஒரு கடிதம்கூட எழுதித் தொந்தரவு செய்ததில்லை. ஆகவே இந்த ஒன்றையாவது ஒரு வரியும் வெட்டாமல், பெயரோடு அச்சிட வேண்டுகிறேன். பெயர் என்று நான் சொல்வது அந்த அயோக்கியனின் பெயரை.

என் அப்பா ஜோ டுபெக் பேஸ்பாலில் பெரிய லீகில் பதினொரு ஆட்டம் ஆடியவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் வேலை. பதினொன்றாவது ஆட்டத்தில் முழங்கால் போனது, அதோடு ஆட்டமும் போனது, இரும்பாலைக்குப் போனார், எனக்கு ஒன்பது வயதில் ஒரேயடியாகவே போய்விட்டார். 1964இல் ‘புதுமுகங்கள்’ என்று வந்த ஓர் அட்டையில்தான் அவர் முகம் இருக்கிறது, அதிலும் பாதி அட்டையில். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் ஆர்வில் டீக் என்று ஒரு பந்துவீச்சாளர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே அட்டை கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது கூழாகிவிட்டது. ஓய்வு பெற்றதும் பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்கும் ஆளுக்கொன்று வாங்கித் தருவதென்று முடிவு செய்தேன். தங்கள் விலைப்பட்டியலே அதற்கு மூன்று டாலர்தான் சொல்கிறது, கடைசிப் பக்கத்தில், ‘சாதாரணம்’ என்ற தலைப்பின் கீழ். அந்தச் சொல் எனக்கு வருத்தம்தான். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

டொலீடோவைச் சேர்ந்த கர்ட்டிஸ் போல் என்பவன் இணைய ஏலத்தில் ஞாயிறுதோறும் இந்த அட்டையில் ஒன்றைப் போட்டான். முதல் ஞாயிறு நான் நான்கு டாலர் கேட்டேன், யாரோ ஐந்து கேட்டார்கள். ஏலக் கம்பெனி பெயரை முழுதாகக் காட்டாது. முதல் எழுத்து, மூன்று நட்சத்திரம், கடைசி எழுத்து, அவ்வளவுதான். இந்தப் பேர்வழி டபிள்யூ, மூன்று நட்சத்திரம், ஒன்பது. நான் எட்டு என்றால் அங்கே ஒன்பது, நான் இருபது என்றால் அங்கே இருபத்தொன்று, முடிய ஆறு விநாடி இருக்கும்போது நாற்பத்தொன்றுக்கு என் தலையில் கட்டிவிட்டு நட்சத்திரம் மறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஐம்பத்தேழு. மூன்றாவது ஞாயிறு டபிள்யூவே எடுத்துக்கொண்டது. கர்ட்டிஸ் தன் சரக்கைத் தானே வாங்கிக்கொள்கிறான் என்று எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். என் மனைவி டார்லீன், “பாதி அட்டைக்கு ஐம்பத்தேழு டாலரா ரே? மீதிப் பாதி ஆள் வீட்டுல பாதிக் காசு கேளு,” என்றாள்.

ஆக்ரனில் ஒரு ஹோட்டல் கூடத்தில் அட்டைக் கண்காட்சி நடந்தபோது அவனைப் பிடித்தேன். மேசைக்குப் பின்னால் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தான்.

“அந்த நட்சத்திரம் உன் ஆள்தானே?” என்று நேராகவே கேட்டேன்.

விரலில் வழிந்த கடுகுச் சாஸை நக்கிவிட்டு, “பெரியவரே, இதையே போன வாரம் இன்னொருத்தங்களும் கேட்டாங்க. நீங்கதான் என் ஆளாம்,” என்று தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நான் எழுத நினைத்திருந்த வசவெல்லாம் அதில் வரிசையாக இருந்தது, என்னைப் பற்றி. கீழே பெயர், ஊர், போன் நம்பர். வாண்டா டீக், பைன் ப்ளஃப், ஆர்கன்சா.

ஆசிரியர் அவர்களே, அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்த பெயர் அது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே போன் போட்டேன்.

“ஓ, நீங்கதான் அந்த ஆர் நட்சத்திரமா? என்னை என்ன பாடு படுத்திட்டீங்க,” என்றது ஒரு பெண் குரல்.

“நீங்க மட்டும் என்னவாம்?” என்றேன்.

வாண்டா அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். அவருடைய அப்பா ஆர்வில் இருக்கிறார். எண்பத்துநான்கு வயது, முதியோர் இல்லத்தில். பெற்ற மகளையே தெரியவில்லை, ஆனால் இந்த அட்டையைக் கையில் கொடுத்தால் தன்னைத் தெரிகிறது. உடனே கையெழுத்துப் போட்டு, எதிரில் நிற்பவர் நர்ஸோ, தரை துடைக்க வந்தவரோ, அவரிடம் நீட்டிவிடுகிறார். அட்டை தீர்ந்துகொண்டே இருக்கிறது.

“நான் போனா எனக்கும் ஒண்ணு குடுப்பாரு. ‘உன் பேர் என்னம்மா, எப்படி எழுதணும்’னு கேப்பாரு,” என்றார்.

“எங்கப்பாவைப் பத்தி ஏதாவது சொல்வாரா?”

“‘பக்கத்துல இருக்கிற இந்தப் பையன் யாரு’ன்னு கேப்பாரு. தெரியலைப்பான்னு சொல்லிடுவேன்.”

“ஜோன்னு சொல்லுங்க. நல்லாப் பந்து பிடிப்பாருன்னு சொல்லுங்க.”

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு நான், ஒருவர் கேட்கும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பது. அவருடைய ஞாயிறு வந்தது. நான் கணினிப் பக்கமே போகவில்லை. அட்டை எண்பத்தெட்டுக்கு வேறு யாருக்கோ போயிற்று.

“இப்படியா பண்ணுவீங்க? உங்க வார்த்தைய நம்பினேனே,” என்று போனில் அழுதார். நான் அப்பாவின் மேல் சத்தியம் செய்தேன். இது கே, மூன்று நட்சத்திரம், இரண்டு. புது நட்சத்திரம்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேருமே கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். மூன்று டாலர் அட்டை, அமெரிக்கா முழுவதிலும் அதற்காக உயிரை விடும் இரண்டு பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க, விலை மட்டும் தானாக அறுபத்துமூன்றுக்கு ஏறியது. ‘விற்பனையானது’ என்று போட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே அட்டை மறுபடி ஏலத்துக்கு வந்தது. அப்பாவின் தொப்பியில் அதே குண்டூசித் துளை.

எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி ஏலக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் வந்தது. கர்ட்டிஸ் போல் மீது தவறு எதுவும் காணப்படவில்லை. ஆனால் கேட்பவர்கள் இருவர் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வது விதிமீறல் என்பதால் என் மீதும் வாண்டா மீதும் எச்சரிக்கை பதிவாகியிருக்கிறது. டார்லீன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். “அந்த முறை வைக்கிற கதையை யாரு அவங்ககிட்ட சொன்னது?” என்றாள். நான்தான் என்றேன். “அவங்க வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்க,” என்று சொல்லிவிட்டுத் துவைத்த துணி மடிக்கப் போய்விட்டாள். கர்ட்டிஸின் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பகமான விற்பனையாளர்’ என்று பொன்னிறப் பட்டை இன்னும் மின்னுகிறது.

ஆகவே இவன் பெயரைத் தாங்கள் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். இவனிடம் யாரும் ஒரு சென்ட்கூடக் கேட்கக் கூடாது. நானும் வாண்டாவும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறோம்: இனி செத்தாலும் இவன் சரக்கைத் தொடுவதில்லை.

தங்கள் குடும்பத்தாருக்கும் அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். டார்லீன் தன் வணக்கத்தைச் சேர்க்கச் சொன்னாள்.

தங்கள் உண்மையுள்ள,
ரேமண்ட் டுபெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று கணினியைத் திறந்தேன். கர்ட்டிஸ் போல் இன்று புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறான். அதே அட்டை, ஆனால் இரண்டு முகங்களுக்குக் கீழும் நீல மையில் கையெழுத்து, ஒரே பேனா. என் மூன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை எடுத்து ஒத்துப் பார்த்தேன், அப்பா கையெழுத்தேதான். ஏலம் வரும் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு முடிகிறது. தயவுசெய்து அதுவரை இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம். பார்த்தானென்றால் என்னைக் கேட்கவிடாமல் தடுத்துவிடுவான். எவ்வளவு கேட்டிருக்கிறேன் என்று டார்லீனிடம் சொல்லவில்லை, அதனால் இங்கும் எழுதவில்லை. அதுவும் போதவில்லை. இப்போதைக்கு மேலே இருப்பது டபிள்யூ, மூன்று நட்சத்திரம், ஒன்பது. நான் அவருக்குப் போன் செய்யவில்லை. அவரும் எனக்குச் செய்யவில்லை.